ஊசி நடுவில் நிற்கிறது, ஆயில் எங்கே நிற்கிறது?

(திண்டுக்கல்லில் இயந்திரவியல் மாணவர்களும் கார்ப் பட்டறைக்காரர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



வேகக் கார்களில் என்ஜின் ஆயில் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊரில் இப்படி ஒரு தலைப்புக்கு ஆள் சேருமா என்று தயங்கித்தான் வந்தேன். பின்சுவரோரம் நிற்கிறவர்களைப் பார்த்ததும் அந்தத் தயக்கம் போய்விட்டது.

இந்தக் கேள்வி நம் ஊருக்கு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் 150 குதிரைத் திறன் கொண்ட கார் திண்டுக்கல் தெருவில் போனால் டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து பார்ப்பார்கள். இன்றைக்கு ஒன்றரை லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின் அந்தத் திறனைக் கொடுக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் வாங்க வருகிறவரே அதில்தான் வருகிறார். இன்னும் வசதி உள்ளவர்கள் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் பி.எம்.டபிள்யூ எம்340ஐ வாங்குகிறார்கள். 2021 முதல் அதைச் சென்னைக்குப் பக்கத்திலேயே பொருத்தி அனுப்புகிறார்கள். இந்த வண்டிகளின் திரையில் ஒரு பக்கத்தைத் திருப்பினால் ஆயில் வெப்பநிலை எண்ணாகவே தெரியும். எண் தெரிந்துவிட்டால் கவலையும் கூடவே வந்துவிடுகிறது. “சார், கொடைக்கானல் ஏறும்போது 112 காட்டுச்சு, என்ஜினுக்கு ஏதாவது ஆயிருக்குமா?” என்று கேட்கிறார்கள்.

ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. “சார், ஆயில் இன்னும் 45-லதான் இருக்கு, மிதிக்கலாமா?” இதை யாருமே கேட்பதில்லை. கேட்க வேண்டியது இதைத்தான். நம் வெயில் காய்கிற சமவெளியில் கூட, வேகக் காரின் என்ஜின் தேய்வதற்குச் சூடான ஆயிலை விடச் சூடேறாத ஆயிலே பெரிய காரணம். இன்றைக்கு நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். அவசரமாகப் போக வேண்டியவர்கள் இதைக் குறித்துக்கொண்டு எழுந்து போகலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன். ஆயில் சேம்பரில் 90 முதல் 110 டிகிரி வரை இருந்தால் அதுதான் வீடு. 80-ஐத் தொடும் வரை முழு மிதி வேண்டாம். மலை ஏற்றத்திலும் பந்தயத் தளத்திலும் 120 வரை போவதை நல்ல சிந்தெடிக் ஆயில் பொறுத்துக்கொள்ளும். 130 வந்தால் காலைத் தளர்த்த வேண்டும். 140 காட்டினால் அன்றைய உற்சாகத்தை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. வண்டிக்கு வண்டி ஐந்து பத்து டிகிரி முன்பின் இருக்கும். உங்கள் வண்டிப் புத்தகம் வேறு எண் சொன்னால் அதுவே செல்லும், என் பேச்சு செல்லாது.

இனி, ஏன் என்று பார்ப்போம்.

டாஷ்போர்டில் நாம் காலங்காலமாகப் பார்த்துப் பழகிய ஊசி தண்ணீருடையது, அதாவது கூலண்டுடையது. அந்த ஊசி நடுவுக்கு வந்துவிட்டால் “வண்டி சூடாயிருச்சு” என்று முடிவுகட்டிவிடுகிறோம். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பல கார்களில் அந்த ஊசி உண்மையைச் சொல்வதே இல்லை. கூலண்ட் எழுபத்தைந்து சொச்சத்தில் இருந்தாலும் நூறைத் தாண்டினாலும் ஊசி நடுவிலேயே நிற்கும்படி கம்பெனிக்காரர்களே அமைத்திருக்கிறார்கள். ஊசி ஆடினால் வாடிக்கையாளர் ஷோரூமுக்குப் போன் போடுவார் அல்லவா! இரண்டு, கூலண்ட் சிலிண்டரைச் சுற்றி ஓடுகிறது, தெர்மோஸ்டாட் அடைத்திருப்பதால் சீக்கிரம் சூடாகிறது. ஆயில் அடியில் சேம்பரில் கிடக்கிறது. கீழே காற்று அடிக்கிறது, சுற்றிலும் பெரிய உலோகப் பாளம். கூலண்ட் தன் சூட்டுக்கு வருகிற தூரத்தைப் போல இரண்டு மடங்கு, சில வண்டிகளில் மூன்று மடங்கு தூரம் ஓடினால்தான் ஆயில் தன் சூட்டுக்கு வரும்.

காலை ஆறு மணிக்கு நாகல் நகரில் வண்டியை எடுத்து, பேகம்பூரைத் தாண்டி, வத்தலக்குண்டு சாலையைப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டியாக இருந்தால் ஆயில் எண் இருக்க வேண்டிய இடத்தில் முதலில் இரண்டு கோடுகள்தான் தெரியும். 50 டிகிரிக்குக் கீழே அது எண் காட்டாது. ஊர் நெரிசல் முடிவதற்குள் கூலண்ட் ஊசி நடுவுக்கு வந்துவிடும். அப்போது எண்ணைப் பாருங்கள். ஆயில் அப்போதுதான் ஐம்பதைத் தாண்டி 54, 57 என்று எட்டிப் பார்க்கும். ஊர் எல்லை தாண்டியதும் சாலை விரிகிறது, கால் தானாக அழுத்துகிறது. தப்பு அங்கேதான் நடக்கிறது. செம்பட்டி வரும் வரை பொறுத்திருந்தால் ஆயில் எண்பதைத் தாண்டி நிதானமாகத் தொண்ணூறை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் பொறுமை, அவ்வளவுதான்.

“வெளியே 35 டிகிரி கொளுத்துது, நம்ம ஊர்ல ஆயில் எப்பவுமே சூடாத்தானே சார் இருக்கும்?” என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சந்தையில் கிடைக்கிற சாதாரண 5W-40 சிந்தெடிக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரியில் அதன் பாகுநிலை சுமார் 14 சென்டிஸ்டோக்ஸ். இந்த ஆயிலுக்காகத்தான், இந்தப் பாகுநிலையை நம்பித்தான், என்ஜினை வடிவமைத்தவர் ஒவ்வொரு இடுக்கையும் அளந்து வைத்திருக்கிறார். அதே ஆயில் 80 டிகிரியில் சுமார் 22. 60 டிகிரியில் 40. நீங்கள் சொன்ன அந்த 35 டிகிரியில் 100-க்கு மேல். ஆக, திண்டுக்கல் வெயிலில் நாள் முழுக்க நின்ற வண்டியில்கூட ஆயில் இருக்க வேண்டியதை விட ஏழு மடங்கு கெட்டியாக இருக்கிறது. ஜெர்மனியில் பனிக்காலத்தில் இதைவிடப் பல மடங்கு கெட்டி என்பது உண்மை. அதற்காக ஏழு மடங்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா?

கெட்டியாக இருந்தால் என்ன, இன்னும் நல்லாப் பாதுகாக்குமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு பழைய சோதனையைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். மாணவர்கள் இதைப் பாடமாகப் படித்திருப்பீர்கள், மதிப்பெண்ணோடு மறந்தும் இருப்பீர்கள்.

இங்கிலாந்தில் 1883 வாக்கில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் மேல்பக்கம், பாரம் முழுவதும் அழுத்துகிற இடத்தில், எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றினால் துளை வழியாக எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார். கார்க்கைத் தள்ளிவிட்டது. மர ஆப்பு அடித்தார். அதுவும் மெல்ல மெல்ல வெளியே வந்துவிட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பேரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இருந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் பெரிய அழுத்தத்தில் அச்சின் பாரத்தையே தாங்கிக்கொண்டிருந்தது. அந்த அழுத்தத்தை எந்தப் பம்பும் கொடுக்கவில்லை. சுழலும் அச்சே எண்ணெயை இழுத்து, குறுகலான இடத்தில் திணித்து, தனக்குத்தானே மெத்தை போட்டுக்கொண்டது. இதற்குரிய கணக்கை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். இன்றைக்கு உங்கள் காரின் மெயின் பேரிங்கும் கன்ராடு பேரிங்கும் அதே கணக்கில்தான் ஓடுகின்றன.

ரெனால்ட்ஸ் கணக்குப்படி ஆயில் கெட்டியாக இருந்தால் படலம் தடிக்கும். பேரிங்குக்கு அது சரி. ஆனால் அந்த ஆயில் பேரிங் வரை போய்ச் சேர வேண்டுமே! கெட்டி ஆயில் பம்பில் அழுத்தத்தை ஏற்றுகிறது, அளவைக் குறைக்கிறது. அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திரும்பச் சேம்பருக்கே அனுப்பிவிடும். பில்டரில் ஒரு பைபாஸ் வால்வு இருக்கிறது. ஆயில் கெட்டியாக இருக்கும்போது முறுக்கினால் அதுவும் திறந்து, வடிகட்டாத ஆயிலை என்ஜினுக்குள் விடும். ஆயில் பிரஷர் எகிறுவதைப் பார்த்து “பாத்தீங்களா, என்ஜின் எவ்வளவு பலமா இருக்கு” என்று சிலர் பெருமைப்படுவார்கள். பிரஷர் என்பது ஆயில் ஓட முடியாமல் திணறுவதற்கும் அடையாளம்தான். அதோடு பிஸ்டன் அலுமினியம். சூடேறினால்தான் அது தன் முழு அளவுக்கு விரிந்து சிலிண்டரில் சரியாக உட்காரும். அதுவரை லேசாக ஆடிக்கொண்டுதான் மேலும் கீழும் போகும். அந்த நிலையில் டர்போவின் முழு அழுத்தத்தையும் அதன் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

பி.எம்.டபிள்யூ 2000-ல் கொண்டுவந்த எம்3-ல் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆர்.பி.எம். மீட்டரின் மேல் எண்களில் வரிசையாக மஞ்சள் விளக்குகள் எரியும். என்ஜின் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும். விளக்கு எரிகிற எண்ணுக்கு மேல் போகாதே என்று பொருள். ஓட்டுகிறவனிடம் பாடம் நடத்தாமல் சொல்ல வேண்டியதைச் சொன்ன அமைப்பு அது. 1998 வரை வந்த போர்ஷே 911-ல் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீரே கிடையாது. காற்றும் பத்து லிட்டருக்கு மேல் ஆயிலும்தான் அந்த என்ஜினைக் குளிர்வித்தன. அதனால் அதில் ஆயில் வெப்பமானி அலங்காரத்துக்காக வைத்தது அல்ல, அதுதான் முதல் மானி. பந்தயக் கார்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம் கோவை நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டன் அணிக்கு ஓட்டிய மாதிரியான ஃபார்முலா 1 காரைக் குளிர்ந்த நிலையில் கிளப்பவே மாட்டார்கள். சூடான திரவத்தை வெளியிலிருந்து சுற்றவிட்டு, உடம்பு முழுக்கச் சூடேறிய பிறகே என்ஜினுக்கு உயிர் கொடுப்பார்கள்.

சரி, மறுபக்கத்துக்கு வருவோம். சூடு.

திரையில் 110 என்று தெரிவது சேம்பரில் உள்ள ஆயில். அது பேரிங் இடுக்கில் அரைபடும்போது இருபது முப்பது டிகிரி கூடிவிடும். பிஸ்டன் வளையம் பக்கம் போய்வருகிற துளி 200-ஐயும் தாண்டும். அதனால்தான் ஆயிலின் தரத்தை வகுக்கிற எஸ்.ஏ.இ. அட்டவணையில் 150 டிகிரியில் வேகமாக அரைத்துப் பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது. 30 கிரேடு என்றால் அந்தச் சோதனையில் குறைந்தது 2.9, 5W-40 என்றால் குறைந்தது 3.5 வர வேண்டும். ஆயில் வாங்கும்போது டப்பாவின் நிறத்தைப் பார்க்கிறோம், படத்தில் இருக்கிற நடிகரைப் பார்க்கிறோம். தயாரிப்பாளரின் விவரத் தாளில் இந்த எண்ணைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

நான் முன்பு சொன்ன 5W-40 ஆயில் 120 டிகிரியில் சுமார் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்கு இறங்கிவிடும். 100 டிகிரியில் 30 கிரேடு ஆயிலுக்கு விதித்த குறைந்தபட்ச அளவு சரியாக அதுதான். அதாவது, 40 ஊற்றியிருந்தாலும் 120-ல் ஓடும்போது உங்களுக்குக் கிடைப்பது 30-ன் அடிமட்டம். 140-ல் ஆறரைக்கு வந்துவிடும். அந்த நிலையில் ஆர்.பி.எம்.மைக் குறைத்துவிட்டு, மேல் கியரில் மிதித்து இழுத்தீர்களானால் டவரின் அச்சு தனக்குத்தானே போட்டுக்கொண்ட மெத்தை கிழியும். உலோகமும் உலோகமும் தொடும். பட்டறை மொழியில் “பேரிங் அடிச்சிருச்சு”.

இன்னொன்று ஆயிலின் ஆயுள். சூடு பத்து டிகிரி கூடினால் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிற வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியல்காரர்கள் கையில் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. மினரல் ஆயிலுக்கு இது சீக்கிரம் உறைக்கும். சிந்தெடிக் கொஞ்சம் தாங்கும். 130-ல் அரைநாள் விரட்டிய வண்டிக்கு, புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். செலவுதான், பேரிங் செலவை விடக் குறைவு.

இந்த இடத்தில் ஆமணக்கெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் உலகப் போரின் விமானங்களில் இருந்த சுழல் என்ஜின்களுக்கு ஊற்றியது அதைத்தான். பழைய பந்தயக் கார்களிலும் அதுவே ராஜா. சூட்டில் படலம் கிழியாமல் நிற்கிற குணம் அதற்கு அவ்வளவு. ஆனால் சீக்கிரம் பிசினாக உறைந்துவிடும், ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் என்ஜினைப் பிரித்துக் கழுவ வேண்டும். நம் பாட்டிமார் வயிற்றுக்குக் கொடுத்த எண்ணெய் விமானத்தையும் ஓட்டியிருக்கிறது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொன்னேன், யாரும் போய்ச் சேம்பரில் ஊற்றிவிடாதீர்கள்.

பட்டறைக்காரர்களிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. “வெயில் ஊரு, கெட்டி ஆயில் போடுங்க சார், 20W-50 போட்டா என்ஜின் கல்லு மாதிரி நிக்கும்.” அம்பாசடர் காலத்தில் இது நியாயமான பேச்சு. இடுக்குகள் பெரிது, ஆயிலின் தரம் குறைவு, என்ஜின் மெதுவாகச் சுழலும். இன்றைய டர்போ வண்டியில் ஆயிலின் வேலை வேறு. பிஸ்டனின் அடியில் பீய்ச்சிக் குளிர்விக்கிறது, டர்போவின் அச்சைத் தாங்குகிறது, வால்வு நேரத்தை மாற்றுகிற இயந்திரத்தைத் தன் அழுத்தத்தால் தள்ளுகிறது. இத்தனைக்கும் அது ஓட வேண்டும். கெட்டி ஆயில் உள்ளுராய்வினால் தானே கூடுதலாகச் சூடாகும் என்பதையும் மறக்கக் கூடாது. W-க்கு முன்னால் உள்ள எண் உறைபனி நாடுகளுக்கானது. 5W-க்கான கிளப்பும் சோதனையை மைனஸ் 30 டிகிரியில் செய்கிறார்கள். நம் மார்கழிக் குளிர் அந்தக் கணக்கிலேயே வராது. நமக்குப் பொருள்படுவது பின்னால் உள்ள எண். அதைப் புத்தகத்தில் உள்ளபடி வையுங்கள். பந்தயத் தளத்துக்குப் போகிறவராக இருந்து, புத்தகமும் இடம் கொடுத்தால் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு மேல் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இனி மலைக்கு வருவோம். இந்த ஊரில் வேகக் கார் வாங்குகிறவர் முதல் ஞாயிற்றுக்கிழமை போவது கொடைக்கானலுக்குத்தானே? பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுக்கு ஆசைப்பட்டவர் சிறுமலைக்குப் போவார். ஆனால் ஆயிலைச் சோதிப்பது வத்தலக்குண்டுக்கு அப்பால் தொடங்குகிற நீண்ட ஏற்றம்தான்.

கணக்கு எளிது. வண்டியும் ஆட்களுமாக 1,500 கிலோ. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். இந்தப் பாரத்தை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 26 மெகாஜூல் சொச்சம் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது, அப்படியானால் ஒரு லிட்டர் போதுமே என்று நினைப்பீர்கள். என்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஆகவே தூக்குகிற வேலைக்கு மட்டுமே இரண்டரை லிட்டர். மீதி ஐம்பது மெகாஜூலுக்கு மேல் சூடாகப் போகிறது. புகைக்குழாய் வழியாகக் கொஞ்சம், கூலண்டுக்குக் கொஞ்சம், ஆயிலுக்குக் கொஞ்சம். நெடுஞ்சாலை 44-ல் நூறில் போகும்போது காற்று முகத்தில் அடித்துக் குளிர்விக்கும். மலையில் முப்பது நாற்பதில், முன்னால் ஒரு அரசுப் பேருந்து, அதன் முன்னால் ஒரு காய்கறி லாரி. காற்றே கிடையாது. டம் டம் பாறை வருவதற்குள் எண் 105-ஐத் தாண்டும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால், அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். ஊத்து, பெருமாள்மலை பக்கம் வெளிக்குளிர் உதவிக்கு வருவதால் எண் அங்கேயே நின்றுவிடும், சில நேரம் இறங்கவும் செய்யும். பேருந்தை முந்தி முந்தி இரண்டாம் கியரில் விரட்டினால் 115, 118 பார்க்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, ஆயில் மட்டம் சரியாக இருக்கும்வரை.

பயப்பட வேண்டியது மேலே போய்ச் சேர்ந்த பிறகு. வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டி, உடனே அணைத்துவிட்டுப் போட்டோ எடுக்க ஓடுகிறார்கள். ஏற்றத்தில் இழுத்த டர்போவின் வெளிக்கூடு பல நூறு டிகிரியில் இருக்கிறது. என்ஜினை அணைத்ததும் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். அடுப்பை அணைத்த பிறகும் தம் போட்ட பிரியாணி உள்ளே வெந்துகொண்டிருக்கிறது அல்லவா, அப்படித்தான் டர்போவின் நடு அச்சில் நின்றுபோன ஆயிலும் வேகும். வெந்து கருகிக் கரியாகப் படியும். இன்றைய வண்டிகளில் அணைத்த பிறகும் சிறிய மின்பம்பு கூலண்டைச் சுற்றவிடுகிறது, அதனால் ஆபத்து குறைவு. ஆனாலும் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பதற்கு என்ன செலவு?

இறங்கும்போது வேடிக்கை. என்ஜின் பிரேக்குக்காக இரண்டாம் கியரில் போட்டு, ஆர்.பி.எம். மூவாயிரத்தில் கத்திக்கொண்டு வரும். எண்ணைப் பார்த்தால் குறைந்துகொண்டே போகும். மிதியிலிருந்து காலை எடுத்த நிலையில் பெட்ரோல் பீய்ச்சுவதே நின்றுவிடுகிறது, எரிவதற்கு ஒன்றுமில்லை. கூச்சல் அதிகம், சூடு குறைவு. அடிவாரத்துக்கு வரும்போது ஆயில் எண்பதுகளுக்கு வந்திருக்கும். அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடி கிளப்பியதும் சமவெளியில் பறக்கத் தொடங்குகிறவர்கள் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பறக்கலாம்.

நெடுஞ்சாலை 83-ஐப் பிடித்துப் பழனி, பொள்ளாச்சி வழியாகக் கோவை போனால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சோழவரம் பந்தய நாட்களில் பெயர் பெற்று, மாருதி என்ஜினை வைத்து ஏழைக்கேற்ற பந்தயக் காரை உருவாக்கி, 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன எஸ். கரிவரதன் பெயரில் அமைந்த 2.1 கிலோமீட்டர் தளம். வேகமாக ஓட்ட ஆசை உள்ளவர்கள் அங்கே போங்கள். ராத்திரி பத்து மணிக்குத் திண்டுக்கல் பைபாஸில் ஓட்டுகிறவர்களுக்காக நான் இந்த உரையைத் தயாரிக்கவில்லை. கரி தளத்தில் நேர்ப்பாதை நீளமில்லை, திருப்பங்கள் அதிகம், எந்நேரமும் முழு மிதி அல்லது முழு பிரேக். சாலைக் கார் ஏழெட்டுச் சுற்றிலேயே 125, 130-க்கு வந்துவிடும். கடைசிச் சுற்றை நிதானமாக ஓட்டி எண்ணை 110-க்குக் கொண்டுவந்து உள்ளே வாருங்கள். அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, பந்தயத்தைப் பற்றிக் கேட்கிற பையன்கள் அதிகமாகிவிட்டார்கள். மகிழ்ச்சி. வேகமாக ஓட்டுவதை விட, வண்டி கடைசி வரை நிற்கும்படி ஓட்டுவதே அந்தப் பந்தயத்தின் வித்தை என்பதையும் அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. இதுதான் நம் ஊரில் அதிகமாக நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. வேகக் காரை வாங்கிவிட்டு, வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு என்று மூன்று கிலோமீட்டர், நான்கு கிலோமீட்டரே ஓட்டுகிறவர்கள். இவர்களின் ஆயில் ஒரு நாளும் எழுபதைப் பார்ப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகையோடு போகும், கொஞ்சம் வளையங்களைத் தாண்டிச் சேம்பருக்கு இறங்கும். ஆயில் நூறை ஒட்டிச் சூடானால் அந்த நீர் ஆவியாகி வெளியேறிவிடும். சூடாகாவிட்டால் அங்கேயே தங்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற என்ஜின்களில் எரியாத பெட்ரோலும் சுவரில் பட்டு வழிந்து சேம்பருக்குப் போகும்.

பட்டறையில் இருக்கிற தம்பிகளுக்கு இதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம். டிப் ஸ்டிக்கை உருவி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள், வழுவழுப்பு குறைந்திருக்கும். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெளிர்மஞ்சளாக, நுரைத்த பசை ஒட்டியிருக்கும். போன தடவை பார்த்ததை விட மட்டம் ஏறியிருக்கும். “என் வண்டி சொட்டு ஆயில் குடிக்காது சார், ஏறத்தான் செய்யுது” என்று சொந்தக்காரர் பெருமையாகச் சொல்வார். அவரை உட்காரவைத்து விளக்குங்கள். ஏறியது ஆயில் இல்லை, பெட்ரோலும் தண்ணீரும். அந்த 40 கிரேடு ஆயில் இப்போது 40 கிரேடாக இல்லை. அதை வைத்துக்கொண்டு அவர் ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் ஏறினால், 115 என்று நான் பயப்பட வேண்டாம் என்று சொன்ன அதே எண்ணுக்கு அவர் பயப்பட வேண்டும். இப்படிப்பட்ட வண்டிக்கு வாரம் ஒருமுறையாவது ஒரு நீண்ட ஓட்டம் வேண்டும். நத்தம் வரை போய்வரலாம், வேடசந்தூர் வரை போய்வரலாம். ஆயில் 95-ல் இருபது நிமிடம் நின்றால் பாதிப் பிரச்சினை ஆவியாகிவிடும். ஆயில் மாற்றுவதற்குக் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மாதத்தைப் பாருங்கள்.

கோடை விடுமுறை வரப்போகிறது. இந்த ஊர் வண்டிகள் எல்லாம் மலைக்குக் கிளம்பும். இங்கே இருக்கிற பட்டறை நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. கொடைக்கானல் போகிறேன் என்று சொல்லிக் காற்றுப் பார்க்க வருகிறவரிடம், காசு வாங்காமல் டிப் ஸ்டிக்கையும் ஒருமுறை உருவிப் பாருங்கள். குறைந்திருந்தால் அதே கிரேடில் நிரப்புங்கள், ஏறியிருந்தால் மாற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். திரையில் ஆயில் வெப்பநிலை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிடுங்கள், பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. செம்பட்டி வரை மிதிக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள்.